மேட்டில் படர்ந்த அம்மையார் கூந்தல்

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே உன் உடம்பும் வேலையும் ஒழுங்காக இருக்கின்றன என்று நம்பிக்கொண்டுதான் தொடங்குகிறேன். இங்கே அப்பா நலம். நானும் நலம்தான், இடது தோளைக் கணக்கில் சேர்க்காவிட்டால். காறை எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது, கையைக் கழுத்தோடு சேர்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எழுதுவது வலது கை என்பதால் உனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. அப்பாவுக்குச் சட்டைக் கை நீளம், மடித்துவிட்டுக்கொண்டு மோட்டார் ரிப்பேர் கடைக்கே அதைப் போட்டுப்போய் முதல் நாளே கிரீஸ் கறை ஆக்கிவிட்டார். வீட்டில் போட்டுக்கொள்ளத்தான் அனுப்பினாள் என்றேன், வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்கிறார். நீ காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடுவதை விடு. இருபத்தைந்து வயதுக்காரிக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

போனில் நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. “திங்கக்கிழமை கோர்ட்ல கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வந்துடும்மா, எதுக்கு அதிகப்படியா பேசி சித்தப்பாவ உள்ள தள்ளணும்” என்றாய். நான் பதில் சொல்லவில்லை, அதனால் சம்மதம் என்று நினைத்திருப்பாய். உன்னிடம் சித்தி எவ்வளவு சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது திங்கட்கிழமை முடிந்திருக்கும். அதற்காகவேதான் போன் செய்யாமல் எழுதுகிறேன், போனில் நீ அழ ஆரம்பித்தால் எனக்கு வார்த்தை மாறிவிடும்.

முதலில் அந்தக் கொடி. நீ தாவரவியல் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள் என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. சித்தப்பா தேனீப் பெட்டிகள் வைத்திருக்கும் மேட்டில் முட்புதரும் ஊதாப்பூக் குறுஞ்செடியும் தவிர வேறொன்றும் வளராது, மண் அப்படி, காற்றும் அப்படி. இந்த வருஷம் அந்தப் புதர்களின் மேல் சிவப்பும் மஞ்சளுமாக நூல்நூலாக ஒன்று படர்ந்திருந்தது, யாரோ சிக்கெடுக்காத தலைமுடியை வாரிக் கொட்டியதுபோல. அம்மையார் கூந்தல் என்று பெயர். அதற்கு இலை கிடையாது, பச்சை நிறம் கிடையாது. விதையிலிருந்து எழும்பும் நூல் காற்றில் வட்டமாகத் துழாவும். ஒரு தண்டு அகப்பட்டதும் சுற்றி வளைத்துக்கொண்டு, தொட்ட இடமெல்லாம் சின்னச் சின்னக் குமிழாகப் புடைத்து, குமிழிலிருந்து ஆணிபோல ஒன்றைத் தண்டுக்குள் இறக்கும். நீரும் சத்தும் ஓடும் குழாய்வரை அது போய்ச் சேர்ந்தபின் தன்னுடைய வேரையே காயவிட்டுவிடும், இனி அது தேவையில்லை. பூ மட்டும் அழகு, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் குண்டூசித் தலை அளவில் கொத்துக்கொத்தாகப் பூக்கும், தேனீக்கள் அதிலும் போய் உட்காரும். கல்லூரி வகுப்பில் இதைக் குறுக்கே சீவி மைக்ராஸ்கோப்பில் காட்டும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் “எங்க பெரியம்மா மாதிரி இருக்கு மேடம்” என்பார்கள், வகுப்பு சிரிக்கும். எனக்கு அந்த ஒப்பீடு பிடிப்பதில்லை. செடிக்கு யார்மேலும் கோபம் கிடையாது. நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். இதை வெட்டினால் சாகாது. விரல் நீளத் துண்டு ஒன்று ஒரு புதரின் மேல் விழுந்தால் போதும், மறுபடி சுற்றிக்கொண்டு ஆணி இறக்க ஆரம்பித்துவிடும்.

உன் சித்தப்பா போன் செய்து, “அண்ணி, என் செடியிலெல்லாம் யாரோ நூல் சுத்திவிட்டுட்டாங்க, ஒரு தடவ வந்து பாருங்க” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் நானும் போனோம். பெட்டிகள் வைத்திருக்கும் கிழக்குப் பக்கம் முழுக்கக் கொடி ஏறியிருந்தது. சில புதர்கள் ஏற்கெனவே சாம்பல் நிறத்தில் செத்து நின்றன. பூ இல்லையென்றால் தேன் இல்லை, உனக்கே தெரியும். அவர் தூங்கி நாளாகியிருக்கும் போலிருந்தது, கண் சிவந்திருந்தது. மேட்டில் பட்ட விறகு வெட்டி ரொட்டி அடுப்புகளுக்குப் போடுகிற விறகுக்காரரைத்தான் அவர் சந்தேகப்பட்டார். இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. இவருக்குப் புதர் பூத்து நிற்க வேண்டும், அவருக்குக் காய்ந்து நிற்க வேண்டும். “செடி செத்தா அவனுக்குத்தானே லாபம், ராத்திரியோட ராத்திரியா வந்து தூவிட்டான்” என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா வழக்கம்போல “இருடா, அண்ணி பாத்துச் சொல்லட்டும்” என்றார். நான் மண்டி போட்டு லென்ஸ் வைத்துப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் விறகுக்காரர் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நல்ல மனிதரா என்று எனக்குத் தெரியாது, வாய்த்துடுக்கு மட்டும் உண்டு. வண்டியை நிறுத்திவிட்டு, “என்னப்பா தேன்காரா, செடிக்கெல்லாம் சடை விழுந்திருக்கு, ஒரு சீப்பு வாங்கியாரட்டுமா” என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. வண்டியில் விறகுக்கு மேல் அவருடைய கோடரி கிடந்தது. உன் சித்தப்பா அதை எடுத்ததை நான் பார்க்கவில்லை, ஓங்கியதைப் பார்த்தேன். விறகுக்காரர் தடுக்கத் தூக்கிய வலது கையில் விழுந்தது. மரத்தில் விழும் சத்தமில்லை அது, ஈரத்துணியை அறைவது போன்ற சத்தம். கை மணிக்கட்டில் மடங்கித் தொங்கியது, விரல்கள் மட்டும் எதையோ பிடிக்கப் போவதுபோல அசைந்துகொண்டிருந்தன. இரண்டாவது தடவை ஓங்கும்போது அப்பா பின்னாலிருந்து கட்டிப்பிடித்துவிட்டார். கோடரி பக்கத்துப் பெட்டியில் இறங்கி, பெட்டி சாய்ந்து திறந்துகொண்டது. தேனீக்கள் கிளம்பி எங்கள் எல்லோர் மேலும் விழுந்தன, அதிகமாக ரத்தம் இருந்த இடத்தில். விறகுக்காரர் முகமே தெரியவில்லை. நான் என் கைப்பையின் வாரை அறுத்து அவர் முழங்கைக்குக் கீழே கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினேன். படித்திருந்தேனே தவிர ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. அவர் அலறவில்லை, “டீச்சர், வண்டிய விட்டுட்டுப் போகாதீங்க, எவனாவது தள்ளிட்டுப் போயிடுவான்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். விறகைக் கீழே கொட்டிவிட்டு அந்த வண்டியிலேயே அவரைக் கிடத்தி அப்பா சாலைவரை தள்ளிக்கொண்டு ஓடினார். நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். உன் சித்தப்பா சாய்ந்த பெட்டியை நிமிர்த்தி, வெறுங்கையால் தேனடைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். விறகுக்காரரின் கையை ஆஸ்பத்திரியில் ஒட்டவைக்க முடியவில்லை, மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

ஜாமீனில் சித்தப்பா வெளியே வந்ததும் அவருடைய வக்கீலைக் கூட்டிக்கொண்டு சித்தி நம் வீட்டுக்கு வந்தாள். வக்கீல் நாசூக்கான ஆள், டீயை ஊதி ஊதிக் குடித்தார். “ஒரே கேள்விதான் மேடம். இந்தக் கொடி அங்க தானா வந்திருக்குமா, இல்ல யாராவது கொண்டுவந்து போட்டிருக்கணுமா” என்று கேட்டார். அதுவரை மேற்குச் சரிவில் மட்டும்தான் இருந்தது, நடுவில் அகலமான பாறைப் பகுதி, அதனால் தானாக வந்திருக்க வாய்ப்பு குறைவு, யாரோ கொண்டுவந்திருக்கத்தான் வேண்டும் என்றேன். “போதும் மேடம், இதையே அங்கயும் சொல்லுங்க, ஒரு வார்த்த கூடக் குறைய வேண்டாம்” என்று எழுந்துவிட்டார். விறகுக்காரர் வேண்டுமென்றே கொண்டுவந்து வீசினார், பிழைப்பைக் கெடுத்துவிட்டுக் கேலியும் பேசினார், அந்த ஆத்திரத்தில் நடந்தது என்பது அவர்கள் வாதம். அதன்படி சித்தப்பாவுக்குத் தண்டனை குறையும், விறகுக்காரர்மேல் நாசவேலை வழக்கு நிற்கும், அதற்கும் புகார் கொடுத்தாயிற்று. கல்லூரியில் செடி சொல்லிக்கொடுக்கிற ஒரு பெண், அதுவும் சம்பவத்தை நேரில் பார்த்தவள் சொன்னால் யாரும் மறுத்துக் கேட்கமாட்டார்கள் என்பது வக்கீல் கணக்கு. அன்றைக்கு எனக்கும் அது நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆனால் நம்பும்படி இருப்பதைப் பார்த்தால்தான் எனக்கு ஒரு தடவை சரிபார்க்கத் தோன்றும். இந்தக் குணத்துக்காக நீயும் அப்பாவும் என்னைக் கிண்டல் செய்வீர்கள்.

அதனால் நான் தனியாக மேட்டுக்குப் போனேன். விறகுக்காரர் வண்டி வருகிற தடம் நெடுக நடந்தேன், ஒரு புதரில்கூடக் கொடி இல்லை. வீசுகிறவன் தன் தடத்திலிருந்துதானே வீசுவான். பெட்டிகள் இருக்கும் இடத்துக்கு வந்து சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் வட்டமாகத்தான் கொடி ஆரம்பித்திருந்தது. பெட்டிக்கு நெருங்கிய புதர் செத்திருந்தது, அடுத்தது வாடியிருந்தது, அதற்கு அப்பால் இப்போதுதான் நூல் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டி வைக்காத இடத்தில் புதர் பச்சையாக நின்றது. சூடான காற்று தொடங்குமுன் சித்தப்பா பெட்டிகளின் மேல் இலையோடு வெட்டிய புதர்க்கிளைகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டுவார் இல்லையா, அந்தக் கூரையைத் தூக்கிப் பார்த்தேன். கிளைகளில் அம்மையார் கூந்தல் காய்ந்து, கம்பி சுற்றியதுபோல இறுகிக் கிடந்தது, பூத்த கொத்துகூட அப்படியே இருந்தது. தன் புதரில் ஒரு கிளை ஒடிக்கவும் அவருக்கு மனசு வராது, ஒரு கிளை ஒடிந்தால் அவ்வளவு பூ போயிற்று என்று கணக்குப் பார்ப்பார். அதனால் கூரைக்கு வேண்டிய கிளையை மேற்குச் சரிவில் போய் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார், கொடியோடு சேர்த்து. பெட்டி பெட்டியாகத் தன் கையாலேயே போட்டுக் கட்டியிருக்கிறார். அவர் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு அது.

நான் நிமிர்ந்தபோது அவர் பின்னால் நின்றார், கையில் தேனீக்களை அடக்கப் புகை போடும் டப்பா. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாததால் காட்டினேன். “தம்பி, இது நீங்க கொண்டுவந்த கிளையில வந்தது” என்றேன். கொஞ்ச நேரம் அந்தக் கிளையையே பார்த்தார். அவருக்குப் புரிந்தது, பாப்பு, எனக்கு நன்றாகத் தெரிந்தது, முகம் வெளுத்தது. பிறகு, “அண்ணி, நீங்க இத பாக்கல” என்றார். பார்த்துவிட்டேன் என்றேன். கிளையை என் கையிலிருந்து பிடுங்கினார், நான் விடவில்லை, இப்போது யோசித்தால் விட்டிருக்கலாம். இரண்டு கையாலும் என் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். பெட்டி வைக்கிற கல்லின் மேல் தோள் படும்படி விழுந்தேன், எலும்பு விரிசல் விட்ட சத்தம் எனக்கே கேட்டது. அவர் புகை டப்பாவைத் திறந்து கங்குகளைக் கூரைக் கிளைகளில் கொட்டி ஊதினார். அது எப்படிப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும், எண்ணெய் உள்ள இலை. எரிகிற கிளை ஒன்றை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார், முகத்தில் சூடு படுகிற தூரத்தில் நின்றார். என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அதை அடுத்த பெட்டியின் மேல் எறிந்தார். பிறகு அதற்கடுத்தது. காற்று மேற்கே அடித்தது, கண்மூடித் திறப்பதற்குள் மேடு முழுக்கத் தீ ஓடியது. பெட்டிகள் எரியும்போது மெழுகு உருகித் தீயோடு வழிந்தது, உள்ளே இருந்தவை எழுப்பிய இரைச்சல் மெல்ல மெல்ல நின்றது. அதைக் கேட்டதும்தான் அவர் ஒரு பெட்டியையாவது காப்பாற்றப் போனார், கைகளைச் சுட்டுக்கொண்டு திரும்பி வந்தார். விதை விழுமுன் புதரோடு சேர்த்துக் கொளுத்துவதுதான் இந்தக் கொடிக்கு வைத்தியம், கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

என்னால் எழுந்து நடக்க முடியவில்லை. அவர்தான் முதுகில் தூக்கிக்கொண்டு தடத்தில் இறங்கினார். ஒவ்வொரு அடிக்கும் எனக்கு உயிர் போயிற்று. பாதி தூரத்தில், “அண்ணி, சொல்லிடுவீங்களா” என்று கேட்டார். “மொதல்ல கீழ கொண்டுபோய் விடுங்க தம்பி” என்றேன். டாக்டரிடம் பாறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன். அந்த ஒரு பொய்யை உன் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன், இன்னொன்று என் கைவசம் இல்லை. சித்தி மறுநாள் வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டு, “உங்கள நான் பொய் சொல்லச் சொல்லலக்கா, உண்மையில பாதியில நிறுத்திக்குங்கன்னுதான் கேக்கறேன்” என்றாள். அழகாகப் பேசக்கூடியவள் என்று எனக்கு இதுவரை தெரியாது.

இதற்குள் தீ வைத்தது விறகுக்காரர் வீட்டு ஆட்கள்தான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. நம் பக்கத்தில் யாரும் கிளப்பவில்லை, ஆனால் யாரும் மறுக்கவும் இல்லை. விறகுக்காரரின் மச்சானைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்து அடித்திருக்கிறார்கள். அடுத்த நாள் நான் தூக்குக் கட்டோடு கல்லூரிக்குப் போய் வாசலில் இறங்கும்போது விறகுக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். யாரென்று எனக்குத் தெரிவதற்குள் கன்னத்தில் அறைந்தாள். “அவரு கைய வெட்டுனீங்க, அப்புறம் அவருமேலயே கேஸ் போட்டீங்க, இப்ப தீ வச்சதும் நாங்கதானா, நீதான் டீச்சர் அதையும் படிச்சுப் பாத்து சொல்லப்போறியா” என்றாள். மாணவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாட்ச்மேன் அவளைப் பிடித்து இழுத்தார், விடுங்கள் என்றேன். என் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அன்று வகுப்பு எடுத்தேன், என்ன எடுத்தேன் என்று நினைவில்லை.

சித்தப்பா உனக்கு என்ன செய்திருக்கிறார் என்று எனக்கு நீ நினைவூட்ட வேண்டாம். அப்பா வெளியூரில் இருந்தபோது உனக்கு வலிப்பு வந்த அன்று மழையில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவர்தான், நான் பின்னால் செருப்பில்லாமல் ஓடினேன். அதை நான் ஒரு தட்டிலும் இதை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்கவில்லை. நிறுத்தால் என்ன வருமோ என்ற பயமும் உண்டு. ஒரு மனிதருக்கு வேலை செய்த கை போய்விட்டது. கை போனதற்குக் காரணமும் அவரேதான் என்று என் வாயால் எழுதி வைக்கப் போகிறார்கள். மேடு எரிந்துவிட்டதால் அந்தக் கூரையும் இல்லை, வட்டங்களும் இல்லை, பார்த்தவள் நான் ஒருத்திதான். எனவே பாப்பு, நீ சொன்னபடியே செய்கிறேன். கோர்ட்டில் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வேன். என்ன கேட்க வேண்டும் என்று நேற்று நானே அரசு வக்கீலிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன், கொடி எங்கிருந்து வந்தது, தீ எப்படி வந்தது, இரண்டையும். என்னைத் தள்ளியதை மட்டும் சொல்லவில்லை. சித்தி கேட்ட பாதியில் நிறுத்துவதை அந்த ஓரிடத்தில் செய்கிறேன், சரியா என்று தெரியாது.

அப்பாவிடமும் நேற்றே சொல்லிவிட்டேன், வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது என்று கடைக்கே போனேன். பிரித்துப் போட்ட மோட்டார் முன்னால் உட்கார்ந்திருந்தார். முழுக்கக் கேட்டார். பிறகு கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் எறிந்தார், எனக்கு எட்டடி தள்ளித்தான், ஆனால் எறிந்தார். இத்தனை வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சுவர்ப் பூச்சு தட்டளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. “எனக்கு இருக்கறது ஒரே தம்பி” என்றார். தெரியும் என்றேன். அவர் என் தோள் கட்டைப் பார்த்துக்கொண்டு, “நீ வழுக்கித்தானே விழுந்த” என்று கேட்டார். வழுக்கித்தான் விழுந்தேன் என்றேன். நம்பினாரா என்று தெரியாது, மேற்கொண்டு கேட்கவில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், தோள் குலுங்காமல் போக ஆட்டோவா காரா என்று கேட்டார். கூட வருகிறார் போலிருக்கிறது, ஆனால் எந்தப் பக்கத்து பெஞ்சில் உட்காருவார் என்று நான் கேட்கவில்லை. தோள் விஷயம் உனக்கும் எனக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். அப்பாவிடம் பேசும்போது தப்பித் தவறியும் வாயை விட்டுவிடாதே, அண்ணன் தம்பி இரண்டு பேரையும் நான் இழுத்துப் பிடிக்க முடியாது, ஒரு கைதான் வேலை செய்கிறது.

நீ என்மேல் கோபமாக இருப்பாய். கொஞ்ச நாள் பேசாமல் இரு, பரவாயில்லை, நான் போன் அடித்து எடுக்கச் சொல்லித் தொந்தரவு செய்யமாட்டேன். ஆனால் சித்தப்பாவுக்கு எழுது, அவரை அழைத்துக்கொண்டு போன பிறகு அவருக்கு எழுத ஆள் இருக்காது, சித்திக்கு எழுதிப் பழக்கமில்லை. தேனீக்களைப் பற்றி ஒன்றும் கேட்காதே. உன் வேலை, சாப்பாடு, பஸ் என்று எதையாவது எழுது, நிறைய எழுது. நீ எங்கிருந்தாலும் உடம்பும் மனசும் கெடாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், நாலு பேர் உன்னை நம்பும்படி இருக்க வேண்டும், இதைத் தவிர எனக்கு வேறு ஆசீர்வாதம் தெரியாது. சித்தப்பா என்னைப் பற்றிக் கேட்டால், அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொல்லவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள் என்று எழுது. நீ அதை எழுதுவதற்குள் அது உண்மையாகியிருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா